மேக்கில் அடித்த பழைய தமிழ் வேர்டு கோப்புகள்: விண்டோஸில் தலைக்குறி எழுத்துகளாகத் தெரிகின்றன, 'தோட்டம்' பாதியைக் காணோம்

மலர்க்குழு_சிப்புட் கேட்டது:

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளிக்குச் சிறப்பு மலர் தயாராகிறது. பழைய மலர்களின் கட்டுரைகள், தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லச் சொல்ல எழுதிய குறிப்புகள், கோயில் திருவிழாக் கணக்கு, முன்னாள் மாணவர் பெயர்ப் பட்டியல் எல்லாம் ஒரு பென்டிரைவில் 41 கோப்புகளாக இருக்கின்றன. சிலவற்றை மேக்கிலேயே அடித்திருக்கிறார்கள். சிலவற்றை விண்டோஸில் அடித்து, மேக்கில் பக்கம் கட்டி, திரும்ப விண்டோஸுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். பள்ளிக் கணினியில் விண்டோஸ் 10, வேர்டு 2016. திறந்தால் நாலு விதமாகத் தெரிகிறது.

முதல் வகை, 23 கோப்பு. 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் முக்கால் பின்னம், மேலே சாய்கோடு போட்ட பெரிய ஏ, சென்ட் குறி, மேலே சாய்கோடு போட்ட சின்ன யூ, இந்த நான்கும் வரிசையாக நிற்கின்றன. நடுவில் வரும் மலாய்ப் பெயர்கள் மட்டும் ஒழுங்காக இருக்கின்றன.

இரண்டாவது, 11 கோப்பு. அதே மாதிரி, ஆனால் சொற்களுக்கு நடுவே கேள்விக்குறிகள் கொட்டிக் கிடக்கின்றன.

மூன்றாவது, மின்னஞ்சலில் வந்த 5 சாதா உரைக்கோப்பு. மூன்று குறிக்கு ஒரு தடவை, தலையில் கோடு போட்ட சின்ன ஏ வருகிறது. அதை ஒட்டி வட்டத்துக்குள் ஆர்.

நாலாவது, 2 கோப்பு. ஏ-யும் இ-யும் ஒட்டிய எழுத்து, பாகைக் குறி, வெற்றுக் கட்டம். இதையே ஒரு மேக்கில் திறந்து பார்த்தால் கட்டம் இருந்த இடத்தில் ஆப்பிள் சின்னம் தெரிகிறது.

மறுபடியும் அடிக்காமல் இவற்றை யூனிகோடுக்குக் கொண்டுவர முடியுமா? எதை எந்த வழியில் செய்ய வேண்டும்?

---

பழைய_எழுத்துரு:

முதலில் ஒன்று: 41 கோப்பையும் வேறொரு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். மூலத்தை 'ரீட் ஒன்லி' ஆக்கிவிடுங்கள். திறந்து பார்த்துவிட்டு மூடும்போது வேர்டு 'சேவ் செய்யவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இப்போது கெட்டுத் தெரிகிற கோப்புகளில் பெரும்பாலானவை உள்ளே கெடவே இல்லை. தவறான எழுத்து அட்டவணையில் (என்கோடிங்) வைத்துச் சேவ் செய்யும் அந்த நொடியில்தான் உண்மையிலேயே கெடும்.

பென்டிரைவில் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்த பெயரில் சின்னச் சின்னக் கோப்புகளும் கிடக்கலாம். மேக் தன் கூடுதல் தகவலை வைக்கிற கோப்புகள் அவை. உங்கள் கட்டுரை அதில் இருக்காது. திறக்கவும் வேண்டாம், எண்ணிக்கையில் சேர்க்கவும் வேண்டாம்.

இப்போது காரணம். யூனிகோடு பரவலாகும் முன் தமிழ் எழுத்துருக்கள் ஒரு தந்திரம் செய்தன. 256 இடம் கொண்ட 8 பிட்டு அட்டவணையில் ஐரோப்பியத் தலைக்குறி எழுத்துகள் உட்கார்ந்திருந்த இடங்களில் தமிழ் எழுத்துகளை வரைந்துவைத்தன. நம் நாட்டில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் பள்ளிகளிலும் அச்சகங்களிலும் வெகுவாகப் புழங்கியதால், இங்கே கிடைக்கும் பழைய கோப்புகள் பெரும்பாலும் டி.எஸ்.சி.ஐ.ஐ. அட்டவணையில் இருக்கும். உங்கள் முதல் வகை அதுவேதான். அந்த அட்டவணையில் முக்கால் பின்னத்தின் இடத்தில் 'த', சாய்கோடு போட்ட பெரிய ஏ-யில் 'ம', சென்ட் குறியில் இகரக் கொம்பு, சாய்கோடு போட்ட சின்ன யூ-வில் 'ழ்'. வரிசையாகப் படித்தால் 'தமிழ்'. எழுத்துரு இல்லாத கணினி, அதே இடங்களில் தனக்குத் தெரிந்த ஐரோப்பிய எழுத்தைக் காட்டுகிறது. வேறு எந்தக் கேடும் நடக்கவில்லை.

அட்டவணையின் முதல் 128 இடம் வழக்கமான ஆங்கில எழுத்துகளுக்கே விடப்பட்டிருக்கிறது. மலாய்ப் பெயர்கள் தப்பித்தது அதனால்தான். ரூமி மலாயில், அதாவது ரோமன் எழுத்தில் எழுதும் மலாயில், வழக்கமாகத் தலைக்குறி கிடையாது என்பதால் உங்களுக்கு ஒரு வசதியும் உண்டு: இந்தக் கோப்புகளில் தலைக்குறி போட்ட எழுத்து எது கண்ணில் பட்டாலும் அது தமிழ்தான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வகைதான் நெஞ்சை அடைக்கிறது. மேக்கின் பழைய 8 பிட்டு அட்டவணைக்கு மேக் ரோமன் என்று பெயர், விண்டோஸுடையது 1252. இரண்டிலும் தலைக்குறி எழுத்துகள் உண்டு, ஆனால் இடம் வேறு. விண்டோஸ் கோப்பை மேக் ரோமனில் வேலை செய்யும் நிரலுக்குள் கொண்டுபோனால், 'இந்தக் குறி எங்கள் ஊரில் எந்த எண்ணில் இருக்கிறது' என்று பார்த்து மாற்றிக்கொள்ளும். பிரெஞ்சு எழுதுகிறவருக்கு அது நன்மை. ஆனால் விண்டோஸ் அட்டவணையில் இருக்கும் சில குறிகளுக்கு மேக் ரோமனில் இடமே கிடையாது: கால், அரை, முக்கால் பின்னங்கள், மேலெழுத்து 1, 2, 3, பெருக்கல் குறி, நடுவே உடைந்த நெட்டுக்கோடு, ஐஸ்லாந்து எழுத்துகள் நான்கு, சாய்கோடு போட்ட பெரிய ஒய்யும் சின்ன ஒய்யும். மொத்தம் 14. இவற்றின் இடத்தில் உட்கார்ந்திருக்கும் தமிழ் எழுத்துகளைப் பாருங்கள்: ங, ட, ண, த, ட், ன், இ, ஏ, ஐ, து, வு, சூ, டூ, அப்புறம் ஒற்றைக்கொம்பு. தொப்பி போட்ட எஸ்ஸும் அங்கே இல்லை, ஆகவே ஸ்-உம் போகும். இவை எல்லாவற்றுக்கும் ஒரே கேள்விக்குறி.

'தோட்டம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். டி.எஸ்.சி.ஐ.ஐ.யில் அது ஆறு குறி: இரட்டைக்கொம்பு, த, கால், ட், ட, ம். இதில் த, ட், ட மூன்றும் காலி. மிஞ்சுவது கொம்பும் காலும் ம்-உம். 'கங்காணி' கங்கா?ி ஆகும். 'பிரட்டு' (தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடுவது) பிர?டு ஆகும். 'துரை' ?ரை ஆகும். 'செம்பனை'யில் கொம்பு போய் ?சம்பனை ஆகும். 'லயம்', 'பால்மரம்' இரண்டும் முழுசாகத் தப்பிக்கும், ஏனென்றால் அவற்றில் உள்ள எழுத்துகள் எல்லாமே இரண்டு அட்டவணையிலும் உண்டு. ஆகவே உங்கள் 11 கோப்பிலும் ஒரு சோதனை செய்யுங்கள். கேள்விக்குறி நிற்கும் இடங்களில் எல்லாம் இந்த 15 எழுத்துகளே விடுபட்டிருந்தால் நான் சொன்னதுதான் நடந்திருக்கிறது. அந்தக் கோப்புக்குள் அந்த எழுத்துகள் இப்போது இல்லை. எந்த மாற்றியும் கொண்டுவராது. விண்டோஸில் அடித்த முதல் கோப்பு எங்காவது இருக்கிறதா என்றுதான் தேட வேண்டும்.

நாலாவது வகை பார்வைக்குத்தான் பயங்கரம், உண்மையில் நல்ல நிலையில் இருக்கிறது. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

---

பழைய_எழுத்துரு:

நாலாவது வகை. மேக்குக்கான தமிழ் எழுத்துருவில் மேக்கிலேயே அடித்த கோப்பு அது. 'த' அதே எண்ணில்தான் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணை மேக் ரோமன் 'ஏ-யும் இ-யும் ஒட்டிய எழுத்து' என்று படிக்கும். விண்டோஸ் வேர்டு அந்த எழுத்தைத் தன் எண்ணுக்கு மாற்றிக்கொள்கிறது. அங்கே டி.எஸ்.சி.ஐ.ஐ. எழுத்துருவைப் போட்டால் தமிழ் வரும், தப்பான தமிழ். 'தோட்டம்' என்பது ணூலூஊ, ஒரு கட்டம், ச என்று தொடங்கும். இந்த 'ணூலூஊ' கோலத்தைப் பார்த்தாலே மேக் எண்கள் என்று முடிவு கட்டலாம். ஆப்பிள் சின்னம் இருக்கும் இடம் 'ட்'.

இதைத் திருப்புவதை மேக்கிலேயே செய்யுங்கள். ஆப்பிள் சின்னம் ஆப்பிளின் சொந்தக் குறி. விண்டோஸ் நிரல்கள் அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதை நம்ப வேண்டாம். கோப்பின் எழுத்துகள் முழுவதையும் நகலெடுத்து டெக்ஸ்ட்எடிட்டில் ஒட்டுங்கள். 'மேக் பிளெய்ன் டெக்ஸ்ட்' கொடுங்கள். சேவ் செய்யும்போது என்கோடிங் இடத்தில் 'வெஸ்டர்ன், மேக் ஓ.எஸ். ரோமன்' என்று தேர்ந்தெடுங்கள். மூடிவிட்டு, 'ஓப்பன்' பெட்டியில் என்கோடிங்கை 'வெஸ்டர்ன், விண்டோஸ் லத்தீன் 1' என்று மாற்றித் திறங்கள். இப்போது ஆப்பிள் சின்னம் போய், முக்கால் பின்னமும் சென்ட் குறியும் வந்திருக்க வேண்டும். அதாவது நாலாவது வகை முதல் வகையாகிவிட்டது. அதை யூடிஎஃப்-8 ஆகச் சேவ் செய்து விண்டோஸுக்குக் கொண்டுபோங்கள்.

முதல் வகையை மாற்ற என்.எச்.எம். கன்வெர்ட்டர் போதும். மூலம் டி.எஸ்.சி.ஐ.ஐ., இலக்கு யூனிகோடு. லினக்ஸ் இருந்தால் ஐகான்வ் கட்டளைக்கே டி.எஸ்.சி.ஐ.ஐ. தெரியும். ஆனால் அதற்குக் கொடுக்கும் உரைக்கோப்பு 8 பிட்டாக, விண்டோஸ் 1252இல் சேவ் ஆகியிருக்க வேண்டும். யூடிஎஃப்-8இல் சேவ் செய்த முக்கால் பின்னத்தைக் கொடுத்தால், அதை இரண்டு தனி எழுத்தாகப் படித்துவிடும்.

---

ஈப்போ_அச்சுக்கோப்பு:

அண்ணே சொன்னது எல்லாம் சரி. மலர் வேலை என்பதால் வேர்டுக்குள் மாட்டிக்கொள்ளும் இடங்களைச் சேர்க்கிறேன்.

எந்த அட்டவணை என்று ஊகிக்க வேண்டாம். எழுத்துருப் பெயரைப் பாருங்கள். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் 'ஹோம்' தாவலில் அதன் பெயர் தெரியும். கோப்பில் எத்தனை எழுத்துரு விடுபட்டிருக்கிறது என்று மொத்தமாகப் பார்க்க, 'ஆப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்டு', அதில் 'ஃபான்ட் சப்ஸ்டிடியூஷன்'. பெயரில் டி.எஸ்.சி. என்று இருந்தால் டி.எஸ்.சி.ஐ.ஐ. டேப், டேம் என்று தொடங்கினால் 1999இல் சென்னைத் தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த அட்டவணைகள். பாமினி என்று இருந்தால் கதையே வேறு: அது தலைக்குறி எழுத்துகளைத் தொடுவதில்லை, சாதா ஆங்கில எழுத்துகளின் மேலேயே தமிழை வரைந்திருக்கும். அதனால் மேக்குக்கும் விண்டோஸுக்கும் போய்வந்தாலும் உடையாது. ஆனால் மாற்றியில் முழுக் கோப்பையும் போட்டால் மலாய்ப் பெயர்களையும் பாமினி என்று நினைத்துத் தமிழாக்கிக் குதறிவிடும். ஒரு சொல்லில் கர்சரை வைத்து 'செலக்ட்', 'டெக்ஸ்ட் வித் சிமிலர் ஃபார்மேட்டிங்' கொடுங்கள். அந்த எழுத்துருவில் இருப்பதை மட்டும் பிடிக்கும். அதை மட்டும் மாற்றுங்கள்.

குறியின் எண் சந்தேகமாக இருந்தால், அதற்குப் பின்னால் கர்சரை வைத்து ஆல்ட் + எக்ஸ் அழுத்துங்கள். முக்கால் பின்னம் என்றால் 00பிஇ என்று காட்டும். திரும்ப அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். 00க்குப் பதில் எஃப்0 என்று தொடங்கினால், அந்த எழுத்துருவை வேர்டு 'சிம்பல்' வகையாக எடுத்திருக்கிறது. மாற்றிகளுக்கு அந்த எண் புரியாது, 'மாற்ற ஒன்றுமில்லை' என்பது போல அப்படியே திருப்பித் தரும். முன்னால் இருக்கும் எஃப்0-ஐக் கழித்துவிட்டுத்தான் மாற்றியிடம் கொடுக்க வேண்டும். சின்ன மேக்ரோ ஒன்று எழுதினால் ஒரே ஓட்டத்தில் முடியும்.

சாதா உரையாகச் சேவ் செய்யும்போது வேர்டு ஒரு பெட்டி காட்டும். அதில் 'அல்லோ கேரக்டர் சப்ஸ்டிடியூஷன்' என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். கீழே முன்னோட்டத்தில் சிவப்பாகத் தெரியும் எழுத்து எல்லாம் நீங்கள் தேர்ந்தெடுத்த அட்டவணையில் இடமில்லாதவை. ஒரு சிவப்பு தெரிந்தாலும் 'ஓகே' அழுத்தாதீர்கள். அந்த 11 கோப்பையும் அன்றைக்கு யாராவது இப்படி ஒரு பெட்டியில் நிறுத்தியிருந்தால் தோட்டம் முழுசாக இருந்திருக்கும்.

சுற்றில் ஆர்.டி.எஃப். கோப்பு இருந்தால் விட்டுவிடாதீர்கள். நோட்பேடில் திறந்தால் முதல் வரியிலேயே பின்சாய்கோட்டை ஒட்டி ஆன்சி அல்லது மேக் என்று எழுதியிருக்கும். தலைக்குறி எழுத்து ஒவ்வொன்றும் பின்சாய்கோடு, ஒற்றை மேற்கோள், இரண்டு இலக்கம் என்று சாதா எழுத்தில் இருப்பதால் வழியில் கெடாது. 'த' வர வேண்டிய இடத்தில் பி, இ இருந்து, தலைப்பில் மட்டும் மேக் என்று இருந்தால், அதை ஆன்சி என்று மாற்றுங்கள். எழுத்துருப் பட்டியலில் எழுத்துக் கணம் 77 என்று இருந்தால் 0 ஆக்குங்கள். சேவ் செய்து வேர்டில் திறந்தால் நாலாவது வகை உங்கள் கண் முன்னாலேயே முதல் வகையாகிவிடும். நகலில் மட்டும் செய்யுங்கள்.

---

மலர்க்குழு_சிப்புட்:

மிக்க நன்றி. முதல் வகையில் 20 கோப்பு நல்ல தமிழாக வந்துவிட்டது. நாலாவது வகையும் அண்ணன் சொன்னபடியே வந்தது. ஆனால் மீதி மூன்றில் இரண்டு விதமான கோளாறு. ஒரு கோப்பில் தலைப்புகள் மட்டும் தப்பு: 'லயம்' என்பது 'லயரு' என்றும், 'தமிழ்' என்பது 'தமிறு' என்றும் வருகிறது, கீழே உள்ள பத்திகள் ஒழுங்காக இருக்கின்றன. மற்ற இரண்டு கோப்பில் 'இந்த' எல்லாம் 'ந்த' ஆகிவிட்டது. 'இரப்பர்' 'ரப்பர்' ஆனதை யாரும் கவனிக்கவில்லை, 'இலயம்' 'லயம்' ஆனதும் தெரியவில்லை. 'ந்த' வந்தபோதுதான் பிடிபட்டது.

---

ஈப்போ_அச்சுக்கோப்பு:

'லயரு' என்றால் தலைப்புக்கு 'ஆல் கேப்ஸ்' போட்டிருக்கிறார்கள், அல்லது 'சேஞ்ச் கேஸ்' கொடுத்திருக்கிறார்கள். வேர்டின் கண்ணுக்கு அது இன்னும் ஐரோப்பிய எழுத்துதானே? மேலே அலைக்கோடு போட்ட சின்ன ஓ 'ம்'; அதன் பெரிய எழுத்து 'ரு'. சாய்கோடு போட்ட சின்ன யூ 'ழ்'. அதன் பெரியது 'று'. மூலக் கோப்பில் தலைப்பைத் தேர்ந்து 'ஃபான்ட்' பெட்டியில் 'ஆல் கேப்ஸ்' டிக் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எடுத்துவிட்டு மறுபடி மாற்றுங்கள், முழுசாகச் சரியாகும். டிக் இல்லை என்றால் எழுத்தே மாற்றப்பட்டிருக்கிறது. தலைப்புகள்தானே, கையால் திருத்துவது சீக்கிரம் ஆகும். தலைப்பை மறுபடி சின்ன எழுத்தாக்கிச் சரிசெய்யலாம் என்று போகாதீர்கள். உண்மையிலேயே பெரிய எழுத்தாக இருந்த ப, ம, ய, ர, ல, வ எல்லாம் சேர்ந்து சின்னதாகி, ப தூ-வாகவும் ம நூ-வாகவும் போகும்.

இதே காரணத்தால் 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' பயன்படுத்தும் எல்லோரும் 'மேட்ச் கேஸ்' டிக் போட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் 'ரு'வைத் தேடப்போய் கோப்பிலுள்ள எல்லா 'ம்'-ஐயும் சேர்த்து மாற்றிவிடும். பாமினிக் கோப்பில் இன்னொரு வடிவம் உண்டு: வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் 'ஆட்டோகரெக்ட்' ஓடியிருந்தால் 'தமிழ்' 'துமிழ்' ஆகியிருக்கும், ஏனென்றால் அங்கே சின்ன ஜே 'த', பெரிய ஜே 'து'. பத்தியின் முதல் சொல்லை மட்டும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால் பிடித்துவிடலாம்.

---

தைப்பிங்_தம்பி:

'இ' காணாமல் போனதுக்கு நான் சொல்றேன். டி.எஸ்.சி.ஐ.ஐ.யின் முந்தைய வடிவத்துல 'இ'க்குக் கொடுத்த இடம், 'சாஃப்ட் ஹைஃபன்' உட்கார்ந்திருக்கிற இடம். வரி உடையும்போது மட்டும் தெரியற மறைகோடு அது. நிறைய நிரல்கள் அதை எழுத்தாவே மதிக்காம மறைக்கும், சிலது தூக்கியே எறிஞ்சிடும். அதனாலதான் 1.7 வடிவத்துல 'இ'யை ஐஸ்லாந்து எழுத்து ஒண்ணோட இடத்துக்கு மாத்தினாங்க.

மூலக் கோப்பைத் திறந்து கண்ட்ரோல் + ஷிஃப்ட் + 8 அழுத்துங்க, மறைஞ்ச குறி எல்லாம் தெரியும். 'ஃபைண்ட்' பெட்டியில 'ஸ்பெஷல்' பட்டியல்ல 'ஆப்ஷனல் ஹைஃபன்' இருக்கு, அதைத் தேடுங்க. அதுல ஒண்ணும் சிக்கலைன்னா மேல்முனைக் குறி, சின்ன யூ, 173 மூணையும் ஒட்டி அடிச்சுத் தேடுங்க. கிடைச்சா, எல்லாத்தையும் அந்த ஐஸ்லாந்து எழுத்தா மாத்துங்க. அதை உள்ளிட ஆல்ட்டைப் பிடிச்சுக்கிட்டு எண்பலகையில 0254. அப்புறம் மாற்றியில போட்டா 'இந்த' வந்துடும். தேடியும் கிடைக்கலைன்னா ஏற்கெனவே ஏதோ நிரல் தூக்கி எறிஞ்சிருக்கு. ஒரு ஆறுதல்: 'இ' சொல்லோட முதல்ல மட்டும்தான் வரும், அதனால எழுத்து விட்ட இடத்தைக் கண்டுபிடிக்கறது கஷ்டமில்ல. ஆனா 'ரப்பர்', 'லயம்' மாதிரி, 'இ' இல்லாமலேயே ஒழுங்கா நிக்கற சொல்லைத்தான் உத்துப் பார்க்கணும்.

மூணாவது வகைக்கு யாரும் பதில் சொல்லலை. அது ஏற்கெனவே யூனிகோடு. யூடிஎஃப்-8ல தமிழ் எழுத்து ஒவ்வொண்ணும் மூணு பைட்டு. முதல் பைட்டு எப்பவும் ஒண்ணு, ரெண்டாவது ரெண்டு விதம்தான். அதை 1252ன்னு நினைச்சுப் படிக்கறதாலதான் தலைக்கோடு போட்ட ஏ-யும் வட்டத்துக்குள்ள ஆரும் திரும்பத் திரும்ப வருது. வேர்டுல 'ஆப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்டு', கடைசிப் பக்கமா 'கன்ஃபர்ம் ஃபைல் ஃபார்மேட் கன்வெர்ஷன் ஆன் ஓப்பன்' டிக் போட்டுட்டு, கோப்பைத் திறந்து 'யூனிகோடு யூடிஎஃப்-8' தேர்ந்தெடுங்க. சேவ் செய்யாத கோப்பா இருந்தா அந்த நிமிஷமே தமிழ் வந்துடும்.

யாராவது அந்தக் கோலத்தோடயே சேவ் செஞ்சிருந்தா, 'வெஸ்டர்ன் யூரோப்பியன் விண்டோஸ்'ல சாதா உரையா சேவ் பண்ணி, மறுபடி யூடிஎஃப்-8ன்னு திறக்கணும். இங்க ஒரு ஓட்டை இருக்கு. 1252 அட்டவணையில அஞ்சு இடம் காலி. புள்ளியோட மூணாவது பைட்டு, உகரக் குறியோடது, ஏ-யோடது, ஐ-யோடது நாலும் சரியா அந்தக் காலி இடத்துல விழுது. சில நிரல் அதை அப்படியே காப்பாத்தும், சிலது தொலைச்சுடும். தொலைச்சிருந்தா புள்ளியோ உகரக் குறியோ இருக்க வேண்டிய இடத்துல எல்லாம் கறுப்புக் கட்டமோ கேள்விக்குறியோ நிக்கும். பதறாதீங்க. சொல்லுக்கு நடுவுலயும் கடைசியிலயும் இருக்கற கட்டம் புள்ளியாவோ உகரக் குறியாவோதான் இருக்கும், ஏன்னா ஏ-யும் ஐ-யும் அங்க வராது. எதுன்னு சொல்லைப் பார்த்து முடிவு பண்ணுங்க. சொல்லோட முதல்ல இருக்கறதை ஒவ்வொண்ணாப் பார்த்து ஏ-யா ஐ-யான்னு முடிவு பண்ணுங்க.

---

ஆசிரியை_கிந்தா:

மாற்றி முடித்ததும் பார்வைக்குத் தமிழாக இருந்தாலே போதாது, மெய்ப்புப் பார்க்கும்போது இவற்றைத் தேடிப் பாருங்கள்.

முதலாவது, 'கௌரவம்', 'பௌர்ணமி'. பழைய எழுத்துருவில் பலர் ஒற்றைக்கொம்பு, மெய், ள என்று அடித்துவிடுவார்கள். அச்சில் வேறுபாடு தெரியாது. மாற்றினால் 'கெளரவம்', அதாவது கெ-ள-ர-வ-ம் என்று ஆகும். மாற்றியைக் குறை சொல்ல முடியாது, 'கெளுத்தி'யில் வருவது உண்மையான ள-வரிசை எழுத்தாயிற்றே. 'கெள', 'பெள', 'மெள' என்று தேடி ஒவ்வொன்றாகத் திருத்துங்கள்.

இரண்டாவது, கொ, கோ. பழைய அட்டவணையில் கொம்பு, மெய், கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் இருந்தவை யூனிகோடில் மெய்க்குப் பின்னால் ஒரே குறியாக நிற்க வேண்டும். சில மாற்றிகள் கொம்பையும் காலையும் தனித்தனியாக விட்டுவிடும். திரையில் ஒரே மாதிரி தெரியும், ஆனால் 'தோட்டம்' என்று தேடினால் சில இடங்களில் கிடைக்காது. ஒரு பக்கத்தில் எத்தனை 'தோட்டம்' என்று கண்ணால் எண்ணி, தேடல் காட்டும் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். ஒத்துவராவிட்டால் கோப்பு முழுவதிலும் தனிக் கொம்பு, தனிக் கால் சேர்ந்திருப்பதை ஒரே குறியாக மாற்ற வேண்டும்.

மூன்றாவது, கோயில் பெயரில் வரும் ஸ்ரீ. டி.எஸ்.சி.ஐ.ஐ.யில் அது ஒரே குறி. யூனிகோடில் ஸ-வில் தொடங்கி எழுதுவதும் உண்டு, 2005இல் சேர்த்த ஶ-வில் தொடங்கி எழுதுவதும் உண்டு. மலர் முழுவதும் ஒன்றையே வையுங்கள். இல்லையென்றால் பெயரகராதியில் ஒரே மாரியம்மன் கோயில் இரண்டு இடத்தில் வரும்.

மாற்றிய பத்திகளில் பழைய எழுத்துருப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தால் எழுத்தளவு தாறுமாறாகும். எல்லாவற்றையும் தேர்ந்து கண்ட்ரோல் + இடைவெளி அழுத்திவிட்டு, 'ஃபான்ட்' பெட்டியில் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்ற இடத்திலும் எழுத்துருவையும் அளவையும் கொடுங்கள். தமிழ் யூனிகோடுக்கு வேர்டு பார்ப்பது அந்த இடத்தைத்தான். மேலே 12 போட்டு அங்கே 10 இருந்தால் 10இல்தான் வரும். லதாவோ நிர்மலாவோ வைக்கலாம். திரும்ப மேக்கில் பக்கம் கட்டுவதாக இருந்தால், மேக்குக்கான வேர்டு 2011இல் திறக்க வேண்டாம். அது தமிழை ஒழுங்காகக் கோக்காது. 2016 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும்.

---

மலர்க்குழு_சிப்புட்:

டீச்சருக்கும் மற்றவர்களுக்கும் நன்றி. 'இ' திரும்பி வந்துவிட்டது, தலைப்பில் 'ஆல் கேப்ஸ்' தான் இருந்தது. மூன்றாவது வகையில் ஒரு கோப்பில் மட்டும் கட்டங்கள், திருத்திக்கொண்டிருக்கிறோம். மிச்சம் அந்த 11 கோப்பு. முன்பு வெளிவந்த மலரின் அச்சுப் பிரதி ஒன்று கிடைத்திருக்கிறது, 11இல் 8 கட்டுரை அதில் இருக்கிறது. மீதி மூன்று அச்சாகவே இல்லை: இரண்டு பெயர்ப் பட்டியல், ஒரு நேர்காணல். இந்த மூன்றில் கேள்விக்குறி இருக்கும் இடத்தை ஊகித்து நிரப்பலாமா?

---

பழைய_எழுத்துரு:

அச்சில் இருக்கும் எட்டையும் 300 டி.பி.ஐ.யில், சாம்பல் நிறத்தில் ஸ்கேன் செய்யுங்கள். மலரின் முதுகை மடக்கி அழுத்தாதீர்கள். பக்கம் வளைந்தால் ஓரத்துச் சொற்கள் தப்பாக வரும். டெஸராக்ட் என்ற, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் நிரல் தமிழ் படிக்கும், கூகுள் டிரைவில் படத்தை டாக்ஸாகத் திறந்தாலும் படிக்கும். வந்ததை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உங்கள் கேள்விக்குறிக் கோப்பைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் கேள்விக்குறி இல்லாத எழுத்து எல்லாம் நூற்றுக்கு நூறு சரியானவை. ஸ்கேன் எங்கே தடுமாறுகிறதோ அங்கே இது உதவும், இது எங்கே ஓட்டையோ அங்கே ஸ்கேன் உதவும்.

மூன்று கோப்பின் பழைய வடிவம் உள்ளேயே புதைந்திருக்க ஒரு சின்ன வாய்ப்பு உண்டு. வேர்டு 2003 வரைக்கும் 'ஃபாஸ்ட் சேவ்' என்று ஒரு வசதி இருந்தது. திருத்தத்தை மட்டும் கடைசியில் ஒட்டிவிட்டு, பழைய உரையை உள்ளேயே விட்டுவைக்கும். 'ஓப்பன்' பெட்டியில் கோப்பு வகையை 'ரெகவர் டெக்ஸ்ட் ஃப்ரம் எனி ஃபைல்' என்று மாற்றித் திறந்து பாருங்கள். குப்பைக்கு நடுவே முக்கால் பின்னம் ஒன்று கண்ணில் பட்டாலும் அதைச் சுற்றியுள்ள பகுதி நல்ல நிலையில் இருக்கிறது என்று பொருள்.

கிடைக்கவில்லை என்றால், நேர்காணலை ஊகித்து நிரப்பலாம். 'பிர?டுக்குப் போகும்போது' என்று இருந்தால் அது பிரட்டுதான், வேறு எதுவும் ஆக முடியாது. பெயர்ப் பட்டியலில் ஊகமே வேண்டாம். ண-வும் த-வும் ஒரே கேள்விக்குறி: 'ம?ி' என்று ஒரு வரி இருந்தால் அவர் மணியாகவும் இருக்கலாம், மதியாகவும் இருக்கலாம். அந்த இரண்டு பட்டியலையும் பெரிய எழுத்தில், கேள்விக்குறியோடேயே அச்சடித்து, லயத்தில் இன்னும் இருக்கிற பெரியவர்களிடமும் தோட்டத்தை விட்டு டவுனுக்குப் போன குடும்பங்களிடமும் கொண்டுபோங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் தகப்பனார் பெயர் எழுத ஒரு இடம் விடுங்கள். மற்ற கோப்புகளுக்கு நாள் இருக்கிறது, இதை இந்த வாரமே தொடங்குங்கள்.